முப்பதாயிரம் என்று சொன்னேன்

என் வயிற்றுக்குள் இப்போது ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும் என்று டாக்டர் தன் விரலையே காட்டினார். அதை வெளியே எடுக்கவும், பித்தப்பையை அறுத்து எடுக்கவும் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, தேங்காய் கூடாது. தேங்காய் இல்லாமல் திருவனந்தபுரத்தில் என்னத்தைச் சமைப்பது? கஞ்சியைக் குடித்துவிட்டு, மகளின் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். காமாலை என்று கேட்டவுடனே கீழாநெல்லியை அரைத்துக் குடிக்க ஓடுகிறவர்களுக்காவது உபயோகப்படட்டும். நானும் அப்படி ஓடியவள்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரி. டாக்டர் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து உண்டு என்று சொல்லியிருப்பேன்.

என் பெயர் கோமதி. வயது நாற்பத்திரண்டு. ஆரியசாலையில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை வாடகை வீடு. என் வீட்டுக்காரர் சண்முகம், சாலை பஜாரில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் பில் போடுகிறார். நாலே பேர் வேலை பார்க்கிற கடை என்பதால் இ.எஸ்.ஐ., பி.எஃப். ஒன்றும் கிடையாது. ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அந்த ஒரு சம்பளத்தில்தான் வாடகையும், கரண்டும், கேஸும், மகள் மீனாவின் படிப்பும். மீனா பிளஸ் டூ. நர்சிங்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதற்காக நாலு வருஷமாக ஒரு சிட்டி கட்டிவருகிறோம். சீட்டை இங்கே சிட்டி என்பார்கள். நடுவில் ஏலம் கேட்டு எடுத்தால் தள்ளுபடி போக மிச்சம்தான் கையில் வரும். கடைசிவரை பொறுத்திருந்தால் முழுத் தொகையும் வரும், அது மீனாவின் முதல் வருஷ ஃபீஸுக்குச் சரியாக இருக்கும். என்ன வந்தாலும் அதில் கைவைப்பதில்லை என்று நானும் அவரும் பேசி வைத்திருந்தோம். திடீரென்று மிக்ஸி எரிந்ததுண்டு. மழையில் சுவர் இடிந்து, வீட்டு ஓனர் பாதிச் செலவை எங்கள் தலையில் கட்டியதுண்டு. எல்லாவற்றையும் அங்கே இங்கே இழுத்துப் பிடித்துச் சமாளித்தோம். மிக்ஸி போனால் ஆறு மாசம் அம்மியில் அரைக்கலாம். பித்தப்பை போனால் என்ன செய்வது?

இனி லதா. என் கொழுந்தனின் மனைவி. சர்க்கார் ஆபீஸில் கிளார்க். கொழுந்தனுக்கு பேங்கில் வேலை. இரண்டு சம்பளம், சொந்த பிளாட், லதா ஓட்டுவதற்குத் தனியாக ஒரு ஸ்கூட்டர். பூர்வீகம் நாகர்கோவில் என்றாலும் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் இங்கேதான் என்பதால் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. நான் இருபது வருஷமாக இந்த ஊரில் இருந்தும் மீன்காரியிடம் பேரம் பேசுகிற அளவோடு நிற்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லதாவுக்கும் பித்தப்பையில் கல் வந்து ஆப்பரேஷன் நடந்தது. ஏ.சி. ரூம். ஆபீஸ் இன்சூரன்ஸில் எல்லாம் கழிந்துவிட்டது. ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வயிற்றில் ஒட்டியிருந்த நாலு சின்ன பிளாஸ்டரைக் காட்டி, “ஒண்ணுமே தெரியல அக்கா” என்று சிரித்தாள். நோய்கூட இவளுக்கு நல்ல நோயாகப் பார்த்து வருகிறதே என்று வயிறு எரிந்தது. மெய்யாகவே எரிந்த வயிறு அது. எனக்கும் அப்போதே கல் இருந்திருக்கும்.

அவள் கல் பைக்குள் அடங்கி ஒடுங்கி இருந்தது. என்னுடையது நழுவி, பித்தநீர் குடலுக்குப் போகிற குழாயில் போய் அடைத்துக்கொண்டது. முதலில் உடம்பெல்லாம் அரிப்பு. சோப்பு சேரவில்லை என்று சோப்பை மாற்றினேன். பிறகு மூத்திரம் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போனது. கண் மஞ்சளானது. ஐந்து நாள் கீழாநெல்லி குடித்தேன். ஆறாம் நாள் பல் கிட்டுகிற மாதிரி குளிர்க்காய்ச்சல் வந்தபோதுதான் அவர் ஆட்டோ பிடித்தார்.

ரத்தத்தில் பிலிருபின் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். பித்தத்தின் மஞ்சள் சாயம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதன் கணக்கு. ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு ஒன்பது. குழாயில் அடைப்பு, அதன் பின்னால் கிருமி சேர்ந்துவிட்டது, உடனே கல்லை எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். அதற்கு ஈ.ஆர்.சி.பி. என்று பெயர். மயக்கம் கொடுத்து, வாய் வழியாக கேமரா வைத்த குழாயை இறக்கி, குடலுக்குள் பித்தக்குழாய் திறக்கிற வாயைக் கண்டுபிடித்து, அதன் வழியாகக் கல்லை வெளியே இழுத்துப் போடுவார்கள். மறுபடி அடைக்காமல் இருக்க அந்த இடத்தில் ஒரு ஸ்டென்ட் வைப்பார்கள். அதுதான் என் பிளாஸ்டிக் குழாய். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்கு முன்கூட்டிப் பதிந்தவர்கள் நிறையப் பேர். காய்ச்சலோடு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பதால் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அட்மிஷன் மேஜையில் முதல் கேள்வியே, “பைஸ்டாண்டர் ஆரா?” என்பதுதான். நோயாளிக்குத் துணை இருப்பவரை இங்கே எல்லோரும் பைஸ்டாண்டர் என்றுதான் சொல்வார்கள். மருந்து வாங்க, ரத்தத்தை லேபில் கொண்டு கொடுக்க, கஞ்சி கொண்டுவர எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் கூடவே இருந்தாக வேண்டும். பெண்கள் வார்டில் ராத்திரி ஆணுக்கு அனுமதி இல்லை. அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மீனாவுக்கு மாடல் பரீட்சை. தென்காசியில் இருக்கிற என் தங்கை பீடிக் கம்பெனி வேலையை விட்டு வரமுடியாது.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் லதா வந்து இறங்கினாள். தோளில் துணிப்பை, கையில் பாய்.

“ஒரு வாரம் லீவு போட்டுட்டேன் அக்கா. எனக்கு லீவு நிறையக் கெடக்கில்லா. அத்தான் கடைக்குப் போகட்டும்.”

லீவு கிடக்கிறதாம்! வேலைக்குப் போகாமலே சம்பளம் வருகிற லீவு. குளிரில் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தபோதும் எனக்கு அதுதான் முதலில் உறைத்தது. நன்றி அப்புறம்தான் வந்தது, கொஞ்சமாக.

குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு எம்.ஆர். ஸ்கேன். காந்தம் என்பதால் உடம்பில் பொட்டு உலோகம்கூட இருக்கக்கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னான் டெக்னீஷியன். வெறும் கழுத்தோடு அந்த வளையத்துக்குள் போய்ப் படுப்பதா? லதா பைக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தாள். விரலிமஞ்சள் துண்டு கட்டியே கொண்டுவந்திருந்தாள். அவளுக்கும் அப்போது இப்படித்தான் ஆயிற்றாம். என் கழுத்தில் அதைக் கட்டிவிட்டு, தாலிச் சங்கிலியைத் தன் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மகராசியாக இருக்கட்டும். ஆனால் இதெல்லாம் இவளுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது என்று, மூச்சைப் பிடி, மூச்சை விடு என்று ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஓமனா என்று ஒரு அம்மாள். நெடுமங்காட்டுப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். அவருக்கும் வயிற்றில் ஆப்பரேஷன். அவர் கையில் இருந்தது ரோஸ் கலர் ரேஷன் கார்டு. அந்தக் கார்டுக்கு சர்க்கார் இன்சூரன்ஸ் உண்டு, அவருக்கு எல்லாமே ஃப்ரீ. மருந்துச் சீட்டை நர்ஸ் அவர் கட்டிலில் கொடுத்தால் மருந்து வரும். என் கட்டிலில் கொடுத்தால் லதா கீழே ஃபார்மஸிக்கு ஓடவேண்டும். நான் வெள்ளை கார்டு. வெள்ளை என்றால் வசதியுள்ளவர்கள் என்று அர்த்தம். ஓமனா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி, “வெள்ளை கார்டல்லே, பாக்கியம்” என்றார். எனக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. டிரிப் ஏறிக்கொண்டிருந்ததால் அதற்கும் வழியில்லை.

ஈ.ஆர்.சி.பி. நல்லபடி முடிந்தது. முழித்தபோது தொண்டை எரிந்தது, வயிறு லேசாக வீங்கியிருந்தது. கணையம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் பட்டினி போட்டார்கள். ராத்திரியில் ஒவ்வொரு தடவை நான் முனகியபோதும் தரையில் பாயிலிருந்து லதா எழுந்தாள். காலையில் என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். மீனா போன் செய்து என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “சித்திகிட்ட கொடும்மா, கெமிஸ்ட்ரில ஒரு டவுட்டு” என்றாள். போனைக் கொடுத்தேன். கொஞ்சம் வேகமாகவே கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்து, பித்தப்பையில் இன்னும் கல் இருக்கிறது, வீக்கம் அடங்க ஆறு வாரம் கழித்துப் பையை எடுத்துவிடலாம் என்றார். அதற்கு எழுபதாயிரம் ஆகும் என்று ஆபீஸில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸும், என் தோட்டை அடகு வைத்த பணமும் இந்தத் தடவை செலவுக்கே சரியாகப் போயிற்று, கையில் ஒன்றும் மிச்சம் இல்லை. சிட்டியை ஏலம் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று அவரும் நானும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் லதாதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். “வெள்ளை கார்டுன்னாலும் வருமானம் கொறைவா இருந்தா வேற ஒரு சர்க்கார் சகாயம் உண்டு அக்கா. ஆப்பரேஷன் செலவு மொத்தமும் அதுலயே கழியும். கார்டு உங்க பேர்லதானே, வாங்க, நேர்ல போய்க் கேப்போம்.”

இங்கே ரேஷன் கார்டு வீட்டிலுள்ள மூத்த பெண்ணின் பெயரில்தான் இருக்கும். முதல் பக்கத்தில் என் போட்டோ. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். கவுண்டரில் இருந்த பெண் கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“மாச வருமானம் முப்பதாயிரமாணல்லோ சேச்சி. லிமிட்டினு மேலேயா. கிட்டில்ல.”

கிடைக்காது என்று எழுதியே கொடுத்துவிட்டாள். அந்த முப்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று அந்த ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர இன்னொருத்திக்கும் தெரியும். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி இருவரும் ஒரே கார்டில் இருந்தார்கள். கொழுந்தன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது கார்டைப் பிரிக்கவேண்டி வந்தது. நானும் லதாவும்தான் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். மலையாள ஃபாரம். லதா தன்னுடையதை எழுதினாள். தன் பெயருக்கு நேரே வருமானம் என்ற இடத்தில் முப்பத்திரண்டாயிரம் என்று போட்டாள், அவள் சம்பளம் மட்டும் அவ்வளவு. அப்புறம் என் ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “அத்தானுக்கு மாசம் எவ்வளவு அக்கா?” என்று கேட்டாள். அப்போது அவருக்குப் பன்னிரண்டாயிரம். கல்யாணமாகி நாலு மாசம் ஆன பெண், பட்டுப்போன்ற கையெழுத்து, பேனாவைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு என்று என் நாக்கு புரளவில்லை. முப்பதாயிரம் என்று சொன்னேன். அவளுக்கு மேலே போகாமல், நம்பும்படியாக, இரண்டாயிரம் குறைத்துச் சொன்ன புத்திசாலி நான்.

கார்டு வெள்ளையாக வந்தபோது அவர் திகைத்துப்போனார். தம்பி வீட்டு வருமானத்தையும் சேர்த்து நம் தலையில் எழுதிவிட்டார்கள் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு சப்ளை ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டார். நீங்கள் கொடுத்ததைத்தான் போட்டிருக்கிறோம் என்று அவர்கள் சொல்ல, அவமானப்பட்டுத் திரும்பினார். அன்று அவருக்குச் சூடாகக் காப்பி போட்டுக் கொடுத்தேன். செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

வராந்தா பெஞ்சில் என்னை உட்காரவைத்தாள் லதா.

“நீங்க முப்பதுன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகமா இருந்துது அக்கா. கேட்டா வெசனப்படுவீங்கன்னு பேசாம எழுதிட்டேன்.”

“அப்ப தெரிஞ்சேதான் எழுதுனியா?”

“புதுசா வந்தவ, உங்கள எதுத்து எங்ஙன கேக்க? சாரமில்ல, போனது போகட்டும், இப்பவும் திருத்தலாம். அத்தான் முதலாளிகிட்ட சம்பளத்துக்கு ஒரு கடிதம் வாங்கணும். வில்லேஜ் ஆபீஸ்ல வருமான சர்டிபிகேட் வாங்கி, அத வச்சு கார்ட மாத்தணும். ஆறு வாரம் இருக்கில்லா, நான் பாத்துக்கிடுதேன்.”

“அவங்களுக்குத் தெரியாம முடியாதா?”

“கடிதம் வாங்கவும் கையெழுத்துப் போடவும் அத்தான்தானே அக்கா வேணும்.”

நாலு மணிக்கு அவர் வந்தார். கடையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, வெயிலில் பஸ் மாறி வந்து, ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே லதா முந்திக்கொண்டாள்.

“அத்தான், எங்கிட்ட ஒரு தப்பு நடந்துபோச்சு. அன்னைக்குக் கார்டு ஃபாரம் நான்தானே எழுதினேன். என் வருமானத்த எழுதுன கையோட உங்களுக்கும் மாத்தி எழுதிட்டேன். அதான் இப்ப சகாயம் கெடைக்கல.”

அவர் சிரித்துவிட்டார். “அட, இதுக்கா மொகத்த இப்படி வச்சிருக்க? ஆறு வருஷமா அந்த ஆபீஸ்காரன மனசுக்குள்ள ஏசிட்டே இருந்தேன். பாவம் அவன். நீ லீவு போட்டு இங்க வந்து தரையில கெடக்கிய. நீ இல்லன்னா நாங்க என்ன செஞ்சிருப்போம் தாயி?”

இருபது வருஷத்தில் என்னிடம் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருபது வருஷமாக அவருக்குப் பொங்கிப் போடுகிறவள் நான். முப்பதாயிரம் என்று பொய் சொன்னவளும் நான். அந்தப் பொய்க்குக்கூட நல்ல பெயரை வாங்கிக்கொண்டு போகிறவள் அவள். மனசாட்சி உறுத்தியது என்று இங்கே எழுதினால் அழகாக இருக்கும். அது இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“அவ மாத்தி எழுதல,” என்றேன். “நான்தான் சொன்னேன். அவ முப்பத்திரெண்டு எழுதினா. அதப் பாத்துட்டு நான் முப்பதுன்னேன்.”

ஓமனா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். லதா என் கையைப் பிடித்தாள், நான் உதறினேன்.

அவர் கையிலிருந்த ஃப்ளாஸ்க்கைக் கட்டிலடியில் வைத்தார். “அன்னைக்கு எனக்குப் பன்னெண்டுல்லா?”

“ஆமா.”

“பன்னெண்டுன்னு சொல்ல ஒனக்குக் கூச்சமா இருந்துருக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். கடையில் ஒரு சரக்கின் விலையைச் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு அங்கே இருந்த பழைய காலி ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அதை லதா காலையிலேயே கழுவி வைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். மாத்திரை சாப்பிட்டியா, காய்ச்சல் இருக்கா என்று கேட்பார், கஞ்சியில் உப்பு போட்டுக் கலக்கியும் கொடுப்பார். மற்றபடி பேச்சு இல்லை. மீனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். சிட்டி பணம் இருக்கா, இல்லையா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது எனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் லதா லேப்டாப்போடு வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேஜை சின்னது, மருந்தையெல்லாம் ஒதுக்கி இடம் செய்தேன். அவர் வாசல் பக்கம் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். என் பெயர், வயது, வீட்டு நம்பர் எல்லாம் அடித்து முடித்தாள். பிறகு அவள் விரல்கள் நின்றன.

“கார்டு உங்க பேர்ல அக்கா. நீங்களே சொல்லுங்க, நான் அடிக்கேன். அத்தானுக்கு மாசம் எவ்வளவு?”

அதே கேள்வி. அதே ஆள்.

“பதினாறாயிரம்” என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

“பதினாறரை” என்றார் அவர், வாசலிலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து முதலாளி கொடுத்த கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். “ஓணத்துலேருந்து ஐநூறு கூட்டிருக்காரு.”

ஓணம் கழிந்து நாலு மாசம் ஆகிறது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் லதாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “ஐநூறுதானே,” என்றார். “அத ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?”

லதா அடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினாறாயிரத்து ஐநூறு,” என்றேன் அவளிடம். “நல்லாப் பாத்து அடி லதா. ஒரு ரூபா கொறையக் கூடாது.”